மொத்தமாகத்தான் கொடுப்பேன்

அந்த வருடம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. நோய் எதுவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தும் எல்லாம் சரியாக இருப்பதாகவே சொன்னார்கள். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து ஒன்றரை நாள் இருந்துவிட்டுப் போவார். மகள் பாலிடெக்னிக் விடுதிக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. புந்தோங் வீட்டில் நான் மட்டும். வேலை முடிந்து வந்ததும் விசிறியைப் போடுவேன், அணைப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். டிவியைப் போட்டுவிட்டு எழுந்து போய், கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும்.

நான் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். டாக்டர் பல்லைக் குடையும்போது, நோயாளியின் வாயில் சேரும் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது என் வேலை. ஒருநாள் முன்பல் உடைந்த ஒரு பெண் வந்தாள். என் வயதுதான், நாற்பத்திரண்டு நாற்பத்து மூன்று இருக்கும். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாளாம். பல் தப்புமா என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டாள். ஓட்டத்தான் வேண்டுமா என்று டாக்டர் திருப்பிக் கேட்டதற்கு, ரத்தம் கசியும் வாயோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என் கூடவே இருந்தது.

மூன்றாம் நாள் போனில் பழைய சாமான் விற்கும் பக்கத்தில் சைக்கிள் தேடினேன். தெலுக் இந்தானில் ஒன்று கிடைத்தது. வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், கறுப்பு நிறம். படத்தில் அதன் பக்கத்தில் ஹெல்மெட், ஓடுவதற்குக் காலில் போடும் சப்பாத்து, நீச்சல் கண்ணாடி, ரப்பர் தொப்பி, பம்பு, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ இருந்தன. ‘டிரையத்லான் ஆரம்பிப்பவர்களுக்கு முழு செட்’ என்று போட்டிருந்தது. சைக்கிளை மட்டும் தருவீர்களா என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

‘மொத்தமாகத்தான் கொடுப்பேன். பிரித்துக் கொடுப்பதில்லை.’

டிரையத்லான் என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். முதலில் நீந்த வேண்டும், ஏறி வந்து சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி ஓட வேண்டும். நடுவில் உட்காரும் இடமே கிடையாது. எனக்கு அது பிடித்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் கிளினிக் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பீடோர் வழியாகப் போனேன். நான் பிறந்த தோட்டம் பீடோருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் இருந்த இடத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. அன்றும் தோன்றவில்லை.

விற்பவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். மெலிந்த, என்னைவிடக் கொஞ்சம் குட்டையான மனிதர். வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பி வைத்திருந்தார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்க என்று சொன்னாரே தவிர வெளியே வரவில்லை.

“வாங்க தங்கச்சி. எல்லாம் புதுசு மாதிரிதான். ஆறு மாசங்கூட ஓட்டல. நெஞ்சுல ரெண்டு எடத்துல கம்பி வெச்சிட்டாங்க. அதோட நிப்பாட்டியாச்சி.”

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கழுத்திலிருந்து தொடைவரை ஒரே உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டே நீந்தலாம், மிதிக்கலாம், ஓடலாம். இடுப்பில் எண் கட்டும் வார். சங்கிலிக்கு விடும் எண்ணெய். கண்ணாடியில் பனி படியாமல் இருக்கத் தடவும் மருந்து. சைக்கிள் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோய், “சத்தத்தக் கேளுங்க” என்றார். கிர்ரென்று சீராக ஓடியது. அந்தச் சத்தத்தை அவர் கடைசித் துளிவரை கேட்டார். நான் மரியாதைக்குக் காத்திருந்தேன்.

பிறகு கேட்டார்: “நீச்சல் தெரியும்தானே? தெரியாதவங்களுக்குக் குடுத்தா சைக்கிள மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததக் குப்பையில போட்டுருவாங்க லா. அதுக்குத்தான் கேக்குறேன்.”

“தெரியும் அண்ணே,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. என் முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தது குளியலறைத் தொட்டியில் மட்டும்தான். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஈயம் எடுத்த குட்டை ஒன்று இருந்தது. அதன் பக்கம் போனாலே அம்மா பிரம்பை எடுப்பார். எங்கள் லயத்துப் பெண் பிள்ளைகள் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது.

அவர் முகம் தெளிந்தது. சக்கரங்களைக் கழற்றி, தான் கட்டிப் பழசான சாரத்தைச் சுற்றி, என் கார் பின்சீட்டை மடக்கி அவரே ஏற்றினார். ஏற்றும்போது மனைவி முதல்முறையாகப் பேசினார். “எல்லாம் ஏத்தியாச்சா? அந்தப் பம்பு? ஒன்னும் மிச்சம் வைக்காதீங்க.” அண்ணன் உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்தார்.

*

சாமான்கள் என் கூடத்தில் பரவின. அந்த ஒற்றை உடுப்பு எனக்குத் தோளில் தொளதொளவென்றும் இடுப்பில் இறுக்கமாகவும் இருந்தது. புந்தோங்கில் ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எது முன்பக்கம் லா?”

“ஜிப்பு வெச்சது அக்கா.”

“இதப் போட்டுக்கிட்டு எங்க போவப்போற?”

“கடலுக்கு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அளவெடுத்தார்.

சைக்கிள் சீக்கிரம் வசப்பட்டது. விடியும் முன் எழுந்து, நாய்கள் துரத்தாத தெருக்களாகப் பார்த்து ஓட்டினேன். முதல் வாரம் இரண்டு முறை விழுந்தேன். பல் தப்பியது. மிதிக்கும் நேரம் மட்டும் கால்கள் சும்மா இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து இறங்கிய கால் மணி நேரத்தில் மறுபடியும் குறுகுறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் விற்ற அண்ணனிடமிருந்து வாட்ஸப் வரும். ‘தங்கச்சி, எத்தனை கிலோமீட்டர்?’ சொல்வேன். கட்டைவிரல் அனுப்புவார். ‘நீச்சல் எப்படிப் போகுது?’ போகுது அண்ணே. ‘எத்தனை சுற்று?’ ஒரு முறை எட்டு என்று எழுதினேன். அடுத்த வாரம் குறைத்துச் சொல்ல முடியாதே என்று பத்து என்றேன். பன்னிரண்டு என்று எழுதிய ஞாயிற்றுக்கிழமை எனக்கே சகிக்கவில்லை. மறுநாள் மாநகர் மன்ற நீச்சல் குளத்துக்குப் போய் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் ஏழெட்டு வயதுக் குழந்தைகள். சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. என்னைக் ‘கக்’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார். வைத்த வேகத்தில் வெளியே எடுத்தேன். மூக்கில் ஏறியது, இருமினேன், தொண்டை எரிந்தது. ஆயிரம் பேர் வாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்தவளுக்குத் தன் வாய்க்குள் ஒரு மிடறு போனது தாங்கவில்லை.

“பெலான்-பெலான், கக். மெதுவா. அவசரமே இல்ல,” என்பார் மலாயில்.

அதுதான் எனக்கு வராதது. மிதக்க வேண்டுமானால் சும்மா இருக்க வேண்டுமாம். கையை வீசாதே, காலை உதைக்காதே, தண்ணீர் தூக்கும், நீ படு. நான் படுத்ததும் காலைப் போட்டு அடிப்பேன், அடித்ததும் மூழ்குவேன். எனக்குப் பின்னால் சேர்ந்த குழந்தைகள் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டார்கள். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து போவேன். உடை மாற்றும் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து, இனி வரமாட்டேன் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் அங்கேயும் இருப்புக்கொள்ளாது. அதனாலேயே அடுத்த செவ்வாய் மறுபடி வந்துவிடுவேன்.

மூன்றாவது மாதம், ஒரு மழை நாளில், மிதந்தேன். எப்படி என்று தெரியாது. ஏதோ யோசனையில் கால்களை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. காது தண்ணீருக்குள் இருந்தது. மழைத்துளிகள் குளத்தில் விழும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. எண்ணி இருபதுவரை வந்தேன். அதற்குப் பிறகு ஒரு நீளம் போக ஒரு மாதம், நாலு நீளம் போக இன்னும் ஒரு மாதம். லுமுட் பக்கக் கடற்கரையில் ஆரம்பக்காரர்களுக்கான ஒரு சிறிய போட்டி இருப்பதாகக் குளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன்.

*

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். எழுதாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

“தங்கச்சி, ஒரு நல்ல விசயம். டாக்டர் சொல்லிட்டாரு, லேசா ஓட்டலாமாம். சைக்கிள மட்டும் திருப்பிக் குடுக்க முடியுமா? நீங்க குடுத்ததுக்கு மேலேயே தாரேன். மத்ததெல்லாம் நீங்களே வெச்சிக்குங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சைக்கிள் கூடத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. போய் அதன் சீட்டில் கை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவர் மனைவி.

“நான் பேசுறது அவருக்குத் தெரியாது. சைக்கிளக் கேட்டாராமே? குடுத்துடாதீங்க லா. டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, ஓட்டலாம்னு இவரா சொல்லிக்கிறாரு. நெஞ்சு வலி வந்த அன்னைக்கி ரோட்டோரத்துல கெடந்தாரு. லோரிக்காரர் ஒருத்தர் பாக்கலன்னா அவ்வளவுதான்.”

“நீங்களே சொல்லலாமே அக்கா?”

“நான் சொன்னா கேக்குற ஆளா? ஒரு சாமான் மிச்சமிருந்தாக்கூட அதப் புடிச்சிக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சிருவாரு. அதுக்குத்தானே எல்லாத்தையும் மொத்தமா ஏத்தி அனுப்பச் சொன்னேன்.”

பிரித்துக் கொடுப்பதில்லை என்றது அண்ணனின் பிடிவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அன்று மாலை அண்ணனுக்கு எழுதினேன்: ‘மன்னிக்கணும் அண்ணே. சைக்கிளை விற்றுவிட்டேன். முழங்கால் வலி.’

நீல நிறத்தில் இரண்டு குறிகள் வந்தன. வெகு நேரம் கழித்து, ‘பரவாயில்ல தங்கச்சி. முழங்கால பாத்துக்குங்க.’

அந்த அக்காவுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான். அவருடைய பயம் எனக்கு வசதியாக வந்து சேர்ந்தது. அக்கா போன் செய்யாமலே இருந்திருந்தாலும் நான் சைக்கிளைக் கொடுத்திருக்க மாட்டேன். இதை எழுதும்போதும் அந்த இடம் உறுத்துகிறது.

*

போட்டி நாள் காலை, கணவர் சிங்கப்பூரிலிருந்து வந்து என்னை லுமுட்டுக்கு ஓட்டிப்போனார். வழியெல்லாம், “ஒனக்கு இது தேவையா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அவரே சிரித்துவிட்டார்.

கம்பிகளில் சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். என்னுடையதைத் தொங்கவிட்டு, ஹெல்மெட்டை மேலே கவிழ்த்து, சப்பாத்தை வைத்து, நிமிர்ந்தேன். வேலிக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். போட்டிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆட்கள் போடும் மஞ்சள் சட்டை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிவிடலாமா என்று கால்கள் கேட்டன. வேலியோரம் போய் நின்றேன்.

“விக்கலியா?” என்றார்.

“இல்லண்ணே.”

“முழங்கால்?”

“நல்லாத்தான் இருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். யாராவது சொல்லித்தான் இப்படிச் செய்தீர்களா என்று கேட்டார். நானாகத்தான் என்றேன். அது இன்னொரு பொய்யா, உண்மையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரிடம் இன்னும் ஏதாவது மறைத்துவைத்தால் கடலில் இறங்க முடியாது என்று தோன்றியது.

“இன்னொன்னும் இருக்கு அண்ணே. அன்னைக்கி எனக்கு நீச்சலும் தெரியாது. எட்டு, பத்து, பன்னெண்டுன்னதெல்லாம் சும்மா.”

“இப்ப?”

“இப்பக் கொஞ்சம் தெரியும்.”

அவர் கடலைப் பார்த்தார். “நீங்க கெளம்புங்க, கூப்புடுறாங்க,” என்றார். அதுவரை அவர் என்னிடம் எதைச் சொன்னாலும் தங்கச்சி என்றுதான் தொடங்குவார், இல்லை முடிப்பார். அன்று வெறும் நீங்க. குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொம்பு ஊதியதும் பெண்கள் கூட்டமாகத் தண்ணீருக்குள் ஓடினோம். குளத்தில் அடி தெரியும், கோடு தெரியும். இங்கே கலங்கல். முதல் மிதவையைத் தாண்டுவதற்குள் யாருடைய குதிகாலோ என் கண்ணாடியில் இடித்தது. உப்புத் தண்ணீரை விழுங்கினேன். மூச்சு சிக்கிக்கொண்டது. காலை ஊன்றப் பார்த்தேன்; ஊன்ற ஒன்றுமில்லை. கையை உயர்த்தினேன். காவலுக்கு நின்ற கயாக் படகு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அதோடு சேர்ந்து முன்னே போகத்தான் கூடாது என்று காலையில் சொல்லியிருந்தார்கள்.

கயாக்கில் இருந்தவர், “கரைக்குப் போகவா?” என்று மலாயில் கேட்டார். நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் தொப்பிகள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. என் கால்கள் கீழே எதையும் தொடாமல் தொங்கின. கொஞ்ச நேரம் கழித்து விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன்.

கடைசிக்கு முந்தைய ஆளாக வெளியே வந்தேன். நேரம் முடிய அதிகம் இல்லை. தொடரலாம் என்று கைகாட்டினார்கள். சைக்கிளில் இரண்டு பேரை முந்தினேன். ஓட்டத்தில் பாதி நடந்தேன். தண்ணீர் கொடுக்கும் மேசையில் மஞ்சள் சட்டைகள் இருந்தன, அவர் இல்லை. முடித்ததும் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் தோளுக்கு மேலாகக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தி வருவது நின்றது. நான் எழுதிய மன்னிப்பு நீலக் குறிகளோடு அப்படியே கிடந்தது. மூன்று வாரம் பொறுத்தேன். நாலாம் வாரம் சனிக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தெலுக் இந்தானுக்குப் போனேன்.

அக்காதான் கேட்டைத் திறந்தார். பின்சீட்டில் சக்கரத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

“ஏன் லா இதக் கொண்டாந்தீங்க? நான் என்னா சொன்னேன்?”

“பொய் சொல்லி வெச்சிக்கிட்டிருக்க முடியல அக்கா. நீங்க பேசினத நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் அண்ணன் நடை முடித்து வந்துவிட்டார், வியர்த்த சட்டையோடு. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளை இறக்கிச் சக்கரங்களைப் பூட்டினார். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஏறி உட்கார்ந்து, தெருக்கோடிவரை மெதுவாக மிதித்தார். கோடியில் திரும்பும்போது தடுமாறினார். அக்காவின் கை கேட் கம்பியை இறுக்கியது. திரும்பி வந்து, ஒரு காலால் தரையைத் தேடி, சாய்ந்து, இறங்கினார்.

“சீட்ட ஒசத்திட்டீங்க,” என்றார் மூச்சு வாங்க. “எனக்குக் கால் எட்டல.”

“எறக்கிடலாம் அண்ணே. அஞ்சு நிமிசம்.”

“வேணாம்.” சீட்டில் ஒருமுறை தட்டினார். “சங்கிலிக்கு எண்ணெய் விடுறீங்க. நல்லாருக்கு. கொண்டுபோங்க.”

அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். மூவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அண்ணன் கேட்டார்: “கடல்ல என்னா ஆச்சி? சும்மா அளக்காம சொல்லுங்க.”

சொன்னேன். கண்ணாடியில் இடித்த குதிகால், விழுங்கிய உப்புத் தண்ணீர், ஊன்றக் கிடைக்காத அடி. கயாக்கைப் பிடித்திருந்ததையும் சொன்னேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“அதப் புடிச்சிக்கிட்டு இருந்தப்ப என்னா நெனச்சீங்க?”

“வீட்டுக்குப் போயிரலாமுன்னு.”

“அப்பறம் ஏன் விட்டீங்க?”

“கை வலிச்சிச்சி.”

முதலில் சிரித்தது அக்கா. வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, அடுத்த மிதவை எத்தனை தூரம், அலை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். வெயில் சாயும்வரை கேட்டார். புறப்படும்போது, “பாத்துப் போங்க” என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. சொல்வாரோ என்று கார்க் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன்.

பீடோர் போகும் வழியில் லங்காப் தாண்டியதும் செம்பனை வரிசைகள் தொடங்கின. எப்போதும் வேகம் குறைக்காமல் கடக்கும் அந்தச் சாலையில் ஓரிடத்தில் காரை நிறுத்தினேன். சைக்கிளை இறக்கிப் பூட்டி, வேலைக்குப் போட்டிருந்த அதே சிலுவார் கால்சட்டை, சப்பாத்தோடு, தோட்டத்து மண்பாதையில் மிதித்தேன். மழை வரும்போல இருந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.